எறும்பு வராத மேஜை

செம்மணற்கோட்டை நில அளவை அலுவலகத்துக்குள் எறும்புகள் வந்தது ஒரு பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை டீ வருவதற்குச் சற்று முன்னால். ஆவணக் காப்பறைச் சுவரின் விரிசலிலிருந்து இறங்கி, தட்டச்சர் ஜெபராணி திறந்து வைத்திருந்த கேசரி டப்பாவை ஏறெடுத்தும் பார்க்காமல் கடந்து, மனு கொடுக்க வந்து நின்றவர்களின் கால்களுக்கிடையே வளைந்து வளைந்து போய், வரைவாளர் சுடலைமணியின் நாற்காலிக் காலைப் பற்றி ஏறி, அவருடைய முழங்கையிலிருந்து தோள்பட்டை வரைக்கும் சிவப்பு நூலால் தையல் போட்டதுபோல வரிசையாக நின்றுகொண்டன. சுடலைமணி அந்த நேரத்தில் எதிர்மூலையில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுநிலை வரைவாளராக இருந்தவர் முந்தின வெள்ளிக்கிழமைதான் மாலையும் சால்வையும் வாங்கிக்கொண்டு ஓய்வுபெற்றுப் போயிருந்தார். நாற்காலியில் அவர் விட்டுப்போன துண்டுகூட இன்னும் எடுக்கப்படாமல் கிடந்தது.

மூன்றே நாளில் ஊருக்கு விளங்கிவிட்டது. எறும்புகள் இனிப்புக்குப் போவதை விட்டுவிட்டு ஆசைக்குப் போக ஆரம்பித்திருந்தன. ஏன் இப்படி என்று செம்மணற்கோட்டையில் யாரும் கேட்கவில்லை. இனி எப்படி நடமாடுவது என்றுதான் கேட்டார்கள். ஒரு டீ வேண்டும், அரைநாள் லீவு வேண்டும், ஃபேனுக்கு அடியில் இடம் வேண்டும் என்கிற சில்லறை ஆசைகளுக்குப் பிள்ளையார் எறும்பு வந்தது, கடிக்காது, கூச்சம் மட்டும்தான். அடுத்தவன் வேலை, அடுத்தவன் வயல் என்று மனம் போனால் செவ்வெறும்பு வந்து சுருக்கென்று கடித்தது. கட்டெறும்பு எதற்கு வருகிறது என்பதை ஊர் பிள்ளைகளுக்கு முன்னால் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் அந்த மாதத்தில் கீழத்தெருவில் இரண்டு குடும்பங்கள் வீட்டை மாற்றிக்கொண்டு போயின. பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை, பெண் வீட்டார் மாப்பிள்ளையின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நகைக்கடை வாசலில் மஞ்சள்தூள் கரைத்த தொட்டி வைத்து, காலை நனைத்துவிட்டு உள்ளே வரச் சொன்னார்கள். பேருந்தில் நடத்துநர்கள், எறும்பு இருக்கிறவங்க பின்னாடி போங்க என்று கத்தப் பழகிக்கொண்டார்கள். கோவிலில், தேவாலயத்தில், பள்ளிவாசலில், கைகூப்பியும் முழந்தாளிட்டும் கையேந்தியும் நின்றவர்களிடம்தான் வரிசை மிக நீளமாக இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துச் சில நாளில் யாருக்கும் வெட்கமில்லாமல் போயிற்று.

அலுவலகத்தில் நாற்காலிக் கால்கள் ஒவ்வொன்றுக்கும் அடியில் தேங்காய்ச் சிரட்டை வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். எறும்புகள் கூரைக்கு ஏறி, ஃபேன் கம்பி வழியாகக் கீழே விழுந்தன. உதவி இயக்குநர் அழகர்நம்பி சார் தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு டப்பா எறும்பு சாக்பீஸால் தன்னைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டார். வட்டத்துக்கு வெளியே, மாவட்டத் தலைமை அலுவலகம் இருக்கிற திசையிலிருந்து வந்த வரிசை மட்டும் பொறுமையாகக் காத்து நின்றது.

ஒரே ஒரு மேஜைக்கு மட்டும் எறும்பு வரவில்லை. அது ஆவுடையம்மாளுடைய மேஜை.

ஆவுடைக்கு நாற்பத்தொன்பது வயது. இருபத்திரண்டு வருஷமாக அந்த மேஜையில் உட்கார்ந்து அடுத்தவர் நிலத்துக்கு எல்லைக்கோடு வரைந்துகொண்டிருந்தாள். அளவர்கள் தப்பும் தவறுமாக எழுதிக்கொண்டு வந்த அளவுகளை அவள்தான் சரிபார்த்துத் திருப்பி அனுப்புவாள், அவர்கள் முறைத்துக்கொண்டு போவார்கள். கோடு தடித்துவிட்டது என்று மேலிருந்து படம் திரும்பி வரும், மெலிதாக வரைந்து அனுப்பினால் கண்ணுக்குத் தெரியவில்லை என்று மறுபடி திரும்பி வரும். கணினி சர்வர் நின்றுபோனால் அதற்கும் மனுதாரர்கள் அவள் முகத்தைப் பார்த்துத்தான் ஏசுவார்கள். இரண்டு முறை பதவி உயர்வு அவளைத் தாண்டிப் போயிருந்தது, ஒரு முறை கோப்பு தொலைந்து, ஒரு முறை காரணமே இல்லாமல். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அவள் கை நடுங்க ஆரம்பித்தது. கோபத்தில் நடுங்குகிறது என்று அவளுக்கே தெரிந்தது. நடுங்குகிற கையால் வரப்பு வரைந்தால் இரண்டு குடும்பம் வெட்டிக்கொண்டு சாகும் என்று பயந்துதான், கல்யாண மண்டபத்து மாடியில் வியாழக்கிழமை சாயங்காலம் நடந்த அமைதி மன்றத்துக்குப் போனாள்.

அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற அருணகிரி ஐயா பேசுவார். ஆசை வந்தால் விரட்டாதீர்கள் என்பார், கதவைத் தட்டியவரைப் பார்ப்பதுபோல அதைப் பாருங்கள், உட்காரச் சொல்லாதீர்கள், நின்று பார்த்துவிட்டுத் தானே போய்விடும். ஆவுடை பள்ளிக்கூடப் பாடம்போல அதைப் பழகினாள். முதுநிலை வரைவாளர் நாற்காலி வந்து நின்றது, பார்த்தாள், போய்விட்டது. சொந்த ஊருக்கு மாற்றல் வந்து நின்றது, பார்த்தாள், போய்விட்டது. கை நடுக்கம் நின்றது. அதற்காக அவள் அருணகிரி ஐயாவிடம் நன்றியோடுதான் இருந்தாள். ஆனால் நடுக்கம் கையைவிட்டு வேறெங்கேயோ போயிருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றும், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியாது; பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்த அவள் கணவர் பூதலிங்கம், ஒரு இடத்தில இரேன் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தார்.

எறும்பு வராததை முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேப்பெண்ணெய் பூசிக்கொண்டு வருகிறாள் என்று நினைத்தார்கள். ஜெபராணி ஒருநாள் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்துவிட்டு, வெறும் சந்தன சோப்பு வாசனைதான் என்று மற்றவர்களிடம் போய்ச் சொன்னாள். அன்று மத்தியானம் எல்லாரும் ஏதோ ஒரு சாக்கில் ஆவுடையின் மேஜைப் பக்கம் வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சுவர் விரிசலிலிருந்து வந்த வரிசையும் கூரையிலிருந்து விழுந்த வரிசையும் அவள் மேஜைக்கு ஒரு முழம் முன்பாகப் பிரிந்து, ஆற்று நடுவில் இருக்கிற பாறையைத் தண்ணீர் சுற்றிப் போவதுபோலச் சுற்றிக்கொண்டு போயின.

அதற்குப் பிறகு ஊர் அவளை எடுத்துக்கொண்டது. வரப்புத் தகராறில் பத்து வருஷமாகப் பேசாமலிருந்த அண்ணன் தம்பிகள், அந்தம்மா கோடு போட்டால் ஒத்துக்கொள்கிறோம் என்று ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். எதுவும் வேண்டாத கை போட்ட கோடு எந்தப் பக்கமும் சாயாது என்று மூன்று தாலுகாவுக்குப் பேச்சுப் பரவியது. நாளுக்கு ஒன்பது படம் வரைந்துகொண்டிருந்தவளுக்கு முப்பது, நாற்பது என்று வந்து குவிந்தது. மனுவோடு பூவும் எலுமிச்சம்பழமும் வைத்தார்கள். ஒரு பெண் கைக்குழந்தையைக் கொண்டுவந்து அவள் காலடியில் கிடத்தி, அழுகிற வழக்கம் போகட்டும் என்றாள். மற்ற வரைவாளர்கள் தங்கள் கோப்புகளையும் அவளிடமே தள்ளிவிட்டார்கள். அவளுக்கு ஓய்வு வேண்டும் என்றோ வீட்டுக்குப் போக வேண்டும் என்றோ ஆசை இருந்தால் எறும்பு காட்டிக்கொடுத்திருக்குமே.

ஆவுடை இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். தன்னைப் பற்றி ஊருக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும். மனசு முழுக்க வேண்டும் வேண்டும் என்று இரைந்துகொண்டிருக்கையில் எறும்பு ஏன் வரவில்லை? தன்னைத் தானே சோதித்துப் பார்த்தாள். மதிய இடைவேளையில் ஜவுளிக்கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, மயில்கழுத்து நிறச் சேலையை மனதாரப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற பள்ளிக்கூட டீச்சரின் கணுக்கால் கறுத்துப்போனது, அவள் கால் சுத்தமாக இருந்தது. வீட்டில் பூதலிங்கம் வடை வேண்டும் என்று நினைத்த மாத்திரத்தில் அவருடைய சாய்வு நாற்காலியில் எறும்பு ஏறுவதைப் பார்த்தபோது, அவளுக்குப் பொறாமையாகவே இருந்தது. அந்தப் பொறாமைக்காவது ஒரு எறும்பு வருமா என்று குனிந்து பார்த்தாள். வரவில்லை. தன் ஆசை இனிப்பாக இல்லை போலும் என்று நினைத்தாள். வெகுநாள் மூடியே வைத்த எண்ணெய்போல அது காறிப்போயிருக்கலாம்.

சித்திரை கடைசியில் ஒருநாள் அழகர்நம்பி சார் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் எப்போதும் உட்காரச் சொல்லுகிறவர் இல்லை. முதுநிலை வரைவாளர் இடத்துக்குப் பெயர் அனுப்ப வேண்டும் என்றார். வரிசைப்படி அவள் முதல், அடுத்தது சுடலைமணி. சுடலைமணிக்கு அது எவ்வளவு வேண்டியிருக்கிறது என்பது ஊருக்கே தெரிகிறது, மனுஷன் எறும்புக் கடியில் கழுத்துவரை தடித்துப்போய்த் திரிகிறார், பார்க்கவே பாவமாக இருக்கிறது என்றார். பிறகு ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். பதவி உயர்வு உரிமையை விருப்பத்தோடு விட்டுக்கொடுப்பதாக ஜெபராணி தட்டச்சு செய்த கடிதம், கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"உங்களுக்குத்தான் ஒண்ணும் வேண்டாமே ஆவுடையம்மா. பசிக்காதவங்க இலையில சோறு போட்டு என்ன பிரயோசனம்?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, மரியாதையோடுதான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவள் பேனாவை எடுத்தாள். எட்டு வருஷப் பழக்கத்தில் அந்த நாற்காலி மனசுக்குள் வந்து நின்றது. அவளும் வழக்கம்போல நின்று பார்த்தாள். இந்த முறை அது போகவில்லை. எட்டு வருஷமும் அது எங்கேயும் போகவில்லை என்பதும், வாசலுக்குப் பக்கத்திலேயே சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தது என்பதும் அவளுக்கு அப்போது தெரிந்தது.

"எனக்கு வேணும் சார்."

அழகர்நம்பி சார் அவளைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் குனிந்து மேஜைக்கு அடியில் அவள் காலைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். சிமென்ட் தரை வெறிச்சென்று இருந்தது.

"எறும்பு வரலையேம்மா."

"வரலைன்னா வரலை. எனக்கு வேணும்."

கையெழுத்துப் போடாமல் வெளியே வந்தாள். அவள் நினைத்ததற்கு மாறாக, அலுவலகத்தில் யாரும் கோபப்படவில்லை. யாரும் நம்பவில்லை, அவ்வளவுதான். தன்னை ஊர் கும்பிடுவது பிடிக்காமல், தானும் சாதாரண மனுஷிதான் என்று காட்டிக்கொள்ள இப்படிச் சொல்கிறாள் என்று ஜெபராணி கண் கலங்கினாள். மனு கொடுக்க வந்தவர்கள் அதைக் கேட்டு இன்னும் தாழக் கும்பிட்டார்கள். வேணும், எனக்கு அந்த வேலை வேணும் என்று அவள் ஒவ்வொருவரிடமும் சொல்லச் சொல்ல, எலுமிச்சம்பழம் கூடிக்கொண்டே போனது. பூதலிங்கம்கூட, நீ எதைக் கேட்டிருக்க இதுவரைக்கும் என்றுதான் சொன்னார். அது உண்மைதான்.

வியாழக்கிழமை வரை பொறுக்க முடியாமல், புதன்கிழமை மத்தியானமே அரைநாள் லீவு போட்டு அருணகிரி ஐயா வீட்டுக்குப் போனாள். அவர் முன்னறையில் இரண்டு காலையும் மஞ்சள் தண்ணீர் வாளிக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாளியைச் சுற்றி எறும்பு கறுப்பு விரிப்புப்போலக் கிடந்தது. அதை மறைக்க அவர் முயற்சி செய்யவில்லை. அவர் மனைவி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, எறும்பைத் துடைப்பத்தால் ஓரமாக ஒதுக்கி வழி விட்டுவிட்டுப் போனாள்.

மன்றத்துக்குக் கூட்டம் குறைந்துவிட்டது என்றார் அவர். போன மாதம் நூறு பேர், இப்போது பன்னிரண்டு. அந்த நூறு பேர் திரும்ப வர வேண்டும் என்று விடிந்ததும் நினைக்கிறேன், குளிக்கும்போது நினைக்கிறேன், கண்ணை மூடி உட்கார்ந்தால் அதையேதான் நினைக்கிறேன் என்றார். ஆவுடை தன் கதையைச் சொன்னாள். ஐயா, நீங்க சொன்னபடிதான செஞ்சேன், எனக்கு மட்டும் ஏன் இப்படி ஆச்சு என்று கேட்டாள்.

அவர் மோர்த் தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஆசையைப் பாருங்கன்னுதான் சொன்னேன். வாயைத் திறக்காதீங்கன்னு நான் சொல்லலை" என்றார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார். "இல்லைம்மா, அதையும் சொல்லியிருப்பேன். எட்டு வருஷமா பேசறேன், என்னென்ன சொன்னேன்னு எனக்கே ஞாபகமில்லை. எறும்பு ஏன் வரலைன்னு எனக்குத் தெரியாது. உங்களைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கு, அது மட்டும் நிஜம்."

அவர் வாளிக்குள் காலை மாற்றி வைத்தபோது இரண்டு எறும்பு தண்ணீரில் விழுந்தன. அவரே குனிந்து விரலால் அவற்றை எடுத்து வெளியே விட்டார். ஆவுடைக்கு அவர்மேல் இருந்த கோபம் அங்கேயே வடிந்துவிட்டது, ஆனால் பரபரப்பு வடியவில்லை. வீட்டுக்கு ஆட்டோ பிடிக்காமல் வெயிலோடு நடந்தே போனாள்.

மறுநாள் அந்தப் பதவி தனக்கு வேண்டும் என்று தன் கைப்பட மனு எழுதினாள். அதை எடுத்துக்கொண்டு மாவட்டத் தலைமை அலுவலகத்துக்குப் போனபோது, அங்கே புதிதாக வாசலில் ஒரு கண்ணாடித் தட்டு பதித்து, ஏறி நிற்கச் சொல்லி எறும்பைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அவள் கால்மணி நேரம் நின்றாள். எழுத்தர் தாளில் 'விருப்பம் தென்படவில்லை' என்று எழுதி முத்திரை வைத்துத் திருப்பிக் கொடுத்தார். எழுதியிருக்கேனே, படிச்சுப் பாருங்க என்றாள். எழுத்து யார் வேணும்னாலும் எழுதலாம் மேடம் என்றார் அவர், எங்களுக்கு அத்தாட்சி வேணும்.

அந்தத் தாளோடு அவள் அலுவலகத்துக்குத் திரும்பியபோது மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். சுடலைமணி மட்டும் இருந்தார். முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்தில் துண்டு சுற்றி, துண்டுக்கு மேலே காது மடல்வரை சிவந்து தடித்திருந்தார். எதிரெதிர் மேஜையில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்தும் அவர்கள் வேலையைத் தவிர எதுவும் பேசிக்கொண்டதில்லை. அவர் எழுந்து வந்து, ஆசீர்வாதம் கேட்கத்தான் வந்ததாகச் சொன்னார். பெரிய பெண் திருச்சியில் படிக்கிறாள், இன்னும் ஒரு வருஷம், அந்த இடம் கிடைத்தால் அவளுக்கு நல்லது என்றார். சொல்லும்போதே கையைச் சொறிந்துகொண்டார்.

ஆவுடை முத்திரை வைத்த தாளை மேஜைமேல் வைத்தாள். "ஆசீர்வாதம் பண்ண முடியாது சுடலைமணி. அந்த இடம் எனக்கும் வேணும். யாரும் நம்ப மாட்டேங்குறாங்க."

அவர் தாளைப் படித்தார். துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். இதைக் கேட்டு அவர் சந்தோஷப்பட்டிருக்கலாம், அதற்கு எல்லா நியாயமும் இருந்தது.

"நான் நம்புறேன் மேடம்" என்றார். "பதினெட்டு வருஷமா உங்களுக்கு எதிர்ல உக்காந்திருக்கேன். மேல இருந்து படம் திரும்பி வரும்போதெல்லாம் நீங்க அந்த மூலையைப் பார்ப்பீங்க. ஒரு தடவைதான். அப்புறம் பேனாவைக் கழுவப் போயிடுவீங்க. நான் அந்தப் பக்கம் பார்க்கவே உங்களைப் பார்த்துத்தான் பழகுனேன்."

அவர் தன் மேஜைக்குப் போய் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுத ஆரம்பித்ததுமே எறும்பு வந்தது. தனக்கு அந்தப் பதவியில் மிகுந்த விருப்பம் உண்டு என்று முதல் வரியில் எழுதினார். தன்னைவிட முன்னவரான ஆவுடையம்மாளுக்கும் அதே விருப்பம் இருப்பதைத் தான் பதினெட்டு வருஷமாகக் கண்ணால் கண்டவன் என்றும், எறும்பு வராதது அவர் குற்றமில்லை என்றும் அடுத்த வரிகளில் எழுதினார். எறும்புகள் மணிக்கட்டிலும் விரலிடுக்கிலும் கடிக்க, கடித்த இடத்தை இடது கையால் தேய்த்துக்கொண்டே எழுதினார். இரண்டு முறை பேனாவைக் கீழே வைத்தார், வெளியே போய் நின்றுவிட்டு வந்தார், மறுபடி எடுத்தார். ஆவுடை போதும் என்று சொல்லவில்லை. சொல்லத்தான் நினைத்தாள், ஆனால் அவளுக்கு அந்தக் கடிதம் வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்டு முடிக்கும்போது அவர் கை ரொட்டிபோல வீங்கியிருந்தது. அவள் தன் பையிலிருந்து தேங்காயெண்ணெய்க் குப்பியை எடுத்துக் கொடுத்தாள். ஜெபராணி திரும்பி வரும்வரை அவர் அதைக் கையில் தடவிக்கொண்டிருந்தார்.

போட்டியாளரே எழுதிக்கொடுத்த கடிதத்தை என்ன செய்வது என்று மாவட்ட அலுவலகத்துக்குத் தெரியவில்லை. அதற்கு ஒரு கோப்பு திறந்தார்கள், கோப்புக்கு ஒரு விளக்கம் கேட்டார்கள், வைகாசி போயிற்று, ஆனி போயிற்று. ஆடியில் முதல் சாரல் அடித்த அன்று எறும்புகள் வந்த விரிசல் வழியாகவே சுவருக்குள் போய்விட்டன. ஊர் சிரட்டைகளைக் கவிழ்த்துவிட்டு, நகைக்கடைத் தொட்டியில் குரோட்டன்ஸ் நட்டுவிட்டு, வேறு பேச்சுக்குப் போய்விட்டது. யாருக்கு என்ன வேண்டும் என்று இனித் தெரிய வழியில்லாததால், ஆவணியில் வந்த உத்தரவு பழையபடி வரிசையைப் பார்த்து ஆவுடையின் பெயரைப் போட்டிருந்தது. சுடலைமணிக்கு அடுத்த காலியிடம் என்று கீழே ஒரு வரி இருந்தது. அது எப்போது என்று எழுதவில்லை.

உத்தரவு வந்த நாளில் எலுமிச்சம்பழம் வருவது நின்றுபோனது. வரப்புத் தகராறுக்காரர்கள், அந்தம்மாவும் நம்மளை மாதிரிதானா என்று முனகிக்கொண்டு அவரவர் வக்கீலைப் பார்க்கப் போனார்கள். கைக்குழந்தையைக் கொண்டுவந்த பெண் தெருவில் எதிரே வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள், குழந்தை தோளில் கிடந்து அழுதுகொண்டிருந்தது. ஆவுடைக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் அவள் மூலை நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்த நாற்காலி. உட்கார்ந்த பிறகு அது முதுகை உறுத்தியது. பத்து நிமிஷத்துக்குமேல் அவளால் அதில் இருக்க முடியவில்லை. எழுந்தாள். இந்த முறை எதற்கு எழுந்தோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மூலையில் வெளிச்சம் போதாது, மெல்லிய கோடு தெரியாது. தெற்குச் சுவரில் ஒரு ஜன்னல் இருந்தது, அதை அடைத்துக்கொண்டு பழைய பீரோ நின்றது.

"சுடலைமணி, ஜெபராணி, ரெண்டு பேரும் கொஞ்சம் வாங்க" என்றாள். "இந்த பீரோவை நகர்த்தணும். எனக்கு ஜன்னல் வேணும்."

சொன்ன பிறகு பழக்கத்தில் காலடியைப் பார்க்கப் போனவள், பாதியில் விட்டுவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பீரோவின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்தாள்.